"கல் என்றால் என்ன, வில்லியம்?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பள்ளி மேடைக்கு ஏற்றவை ஷேக்ஸ்பியரின் புகழ்பெற்ற பெருங்காட்சிகளா, இளமையையும் படிப்பையும் பேசும் சிறு காட்சிகளா என்பது தலைப்பு. சிறு காட்சிகளே என்று பேச வந்திருக்கிறேன்.

"ஹாம்லெட்டின் தனிமொழியைப் பிள்ளைகள் பேசினால் எவ்வளவு பெருமை!" என்றார் எதிரணித் தோழி. யாருக்குப் பெருமை? பதின்மூன்று வயதுப் பையன் 'இருப்பதா, இறப்பதா' என்று மூச்சு வாங்காமல் ஒப்பிக்கிறான். நாம் கைதட்டுகிறோம், சரி. அவன் மனசுக்குள் என்ன நடந்தது?

'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்' நாடகத்தில், நான்காம் அங்கத்தின் முதல் காட்சிக்கு வாருங்கள். பள்ளிக்கு அன்று விடுமுறை. மகன் வில்லியத்தை அழைத்துக்கொண்டு போகிற அம்மாவின் எதிரே வாத்தியார் வருகிறார். விடுவாளா? "இவனுக்குப் படிப்பே ஏறவில்லை என்கிறார் அவன் அப்பா. இலக்கணத்தில் நாலு கேள்வி கேளுங்கள்" என்கிறாள். நின்ற இடத்திலேயே லத்தீன் பரீட்சை. பயப்படாதே, தலையை நிமிர்த்து என்று வேறு சொல்கிறாள்.

"லேபிஸ் என்றால் என்ன?"
"கல்."
"கல் என்றால் என்ன, வில்லியம்?"
"கூழாங்கல்."
"இல்லை, லேபிஸ்! மூளையில் ஏற்றிக்கொள்."

பையன் சொன்னதில் என்ன தப்பு? கையில் எடுத்து எறிந்து விளையாடிய கல்லை அவன் சொன்னான். வாத்தியாருக்கு வேண்டியதோ பாடப்புத்தகத்தில் உள்ள சொல். வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய லத்தீன் இலக்கணம் அது. அன்றைய இங்கிலாந்துப் பள்ளிகள் அதைத்தான் நடத்தின. காட்சியில் நிற்கும் பையனுக்கும் ஷேக்ஸ்பியரின் பெயர்தான், கவனியுங்கள்.

இந்தக் காட்சிகளில் பச்சையான சிலேடைகள் உண்டு என்றார்கள் எதிரணியினர். உண்மைதான். அந்தச் சில வரிகளை வெட்டிவிடலாம், காட்சி கெடாது.

இவற்றில் கனம் இல்லை என்று அவர்கள் சொன்னதைத்தான் நான் ஏற்கவே மாட்டேன். 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் பிரான்சின் ஹார்ஃப்ளர் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த காட்சி முடிகிறது. அடுத்த காட்சியிலேயே பிரெஞ்சு இளவரசி கேத்தரின் தோழியிடம் ஆங்கிலம் கற்கிறாள். கை, விரல், நகம் என்று தன் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பழகுகிறாள். 'எல்போ' அவள் வாயில் 'பில்போ' ஆகிறது. 'நெக்', 'நிக்' ஆகிறது. படையெடுத்து வந்தவனின் மொழியை ஒரு பெண் சிரித்துக்கொண்டே கற்கிறாள் என்றால், அதில் கனம் இல்லையா? 'தி டெம்பெஸ்ட்'டில் அடிமையாக்கப்பட்ட தீவுவாசி காலிபன், தன்னை ஆள்பவர்களிடம், "எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தீர்கள். அதில் நான் கண்ட லாபம், சபிக்கத் தெரிந்ததுதான்" என்கிறான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், ஒத்திகையே விவாதமாகிவிடும்.

வில்லியத்தின் பரீட்சை எப்படி முடிகிறது? மறந்தால் அடி விழும் என்று மிரட்டிவிட்டு, "போ, போய் விளையாடு" என்கிறார் வாத்தியார். நான் நினைத்ததைவிட நன்றாகப் படிக்கிறானே என்கிறாள் அம்மா. அந்த 'விளையாடு' காதில் விழுந்ததும் ஓட வேண்டிய ஓட்டத்தை எந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.