சேர்வர் சென்னையில், பாக்கெட் லண்டனில்

[திரையில்: வன்னி, சென்னை, கொழும்பு தெரியும் வரைபடம்]

வணக்கம். கிளிநொச்சியில் இருக்கும் என் மருமகன் போன மாதம் போன் எடுத்தான். "மாமா, கேம் சேர்வர் சென்னையிலதான் இருக்கு. பிங் 280 காட்டுது. ஸ்பீட் டெஸ்ட் நல்லாத்தானே வருது?"

பிங் என்றால் ஒரு பாக்கெட், அதாவது சின்னத் தரவுத் துண்டு, சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில். ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சேர்வரோடுதான் அளக்கும். சென்னைக்கு எந்த வழியால் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 1,000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெக்கன். கிளிநொச்சியில் இருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர்தான். வடக்கே இருக்கிற ஊருக்கு நாம் தெற்கே கொழும்புக்கு இறங்கி, கடலடிக் கேபிள் ஏறித்தான் போகவேண்டும். சரி, அதையும் கூட்டுவோம். அப்போதும் 280 வர நியாயமே இல்லை.

[திரையில்: ட்ரேசர்ட் ஓடுகிறது]

பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளைதான் ட்ரேசர்ட் (tracert). விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து அதை அடியுங்கள், அதன்பின் சேர்வர் முகவரி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எத்தனையாவது ரவுட்டர் வரை போகலாம் என்று ஒரு ஆயுள் உண்டு. முதல் பாக்கெட்டுக்கு ஆயுள் 1, அடுத்ததற்கு 2, அப்புறம் 3. ஆயுள் எந்த ரவுட்டரில் முடிகிறதோ, அது "இங்கே முடிந்தது" என்று பதில் அனுப்பும். அப்படியே வழி முழுக்கத் தெரிந்துவிடும்.

மருமகனுக்கு வீட்டு ரவுட்டர் 3, கொழும்பு 14, அடுத்த வரி 150, கடைசியில் சென்னை 280. அந்த 150 வந்த ரவுட்டரின் பெயருக்குள் எல்எச்ஆர் என்று இருந்தது: லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் குறியீடு. சிங்கப்பூர் என்றால் எஸ்ஐஎன், சென்னை என்றால் எம்ஏஏ. பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் ஏறியவரை வவுனியாவுக்குக் கொண்டுபோய்ச் சுற்றிய கதை.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். நடுவில் ஒரு வரி மட்டும் 200 காட்டி, அடுத்தவை 40க்கு இறங்கினால் அது பழுதில்லை. அந்த ரவுட்டர் பாக்கெட்டை உடனே கடத்திவிட்டு, நமக்குப் பதில் எழுதத்தான் பிந்துகிறது. கூடின எண் கடைசி வரை குறையாமல் நின்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். முதல் வரியே 60 என்றால் வைஃபையைப் பாருங்கள், லண்டனைத் திட்டவேண்டாம்.

ஏன் இப்படிச் சுற்றுகிறது? இணைய நிறுவனங்களுக்கு இடையே வழி சொல்லும் பிஜிபி என்ற முறைக்கு மில்லிசெக்கன் தெரியாது. அது முதலில் பார்ப்பது யாரோடு ஒப்பந்தம், எது மலிவு என்று நிறுவனம் வைத்த விருப்பம். பிறகு எத்தனை வலையமைப்புகளைக் கடக்கவேண்டும் என்ற எண்ணிக்கை. இரண்டு நிறுவனங்கள் அருகில் எங்கும் கைகோக்கவில்லை என்றால், கைகோத்த இடம் லண்டன் என்றாலும் அங்கேதான் சந்திக்கும்.

இன்னொன்று, ட்ரேசர்ட் போகும் வழியை மட்டுமே காட்டும். திரும்பும் வழி வேறாக இருக்கலாம். முடிந்தால் சேர்வர் பக்கத்தில் இருந்தும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

[திரையில்: அனுப்பிய முறைப்பாடு, முகவரிகள் மறைக்கப்பட்டு]

வீட்டில் இருந்து வழியை மாற்ற முடியாது. ஆனால் பாக்கெட்டைச் சிங்கப்பூர் வழியாக அனுப்பும் விபிஎன் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், பிங் 95. அதையும், பகலில் ஒன்று இரவில் ஒன்று எடுத்த ட்ரேசர்ட்டையும் சேர்த்து இணைய நிறுவனத்துக்கு அனுப்பினோம். "இண்டர்நெட் ஸ்லோ" என்று எழுதியபோது ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னவர்கள், இந்த முறை அதை நெட்வேர்க் பிரிவுக்கு அனுப்பினார்கள். பதினோராம் நாள் எல்எச்ஆர் வரி காணாமல் போயிருந்தது.