வைத்தாங்கி நாள்: கணக்குக் கேட்கும் நாளே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

நியூசிலாந்தில் பிப்ரவரி 6 வைத்தாங்கி நாள். 1840இல் வைத்தாங்கி என்ற இடத்தில் பிரிட்டனும் அந்த மண்ணின் மக்களான மாவோரிகளும் ஒப்பந்தம் போட்ட நாள். அது கொண்டாடும் நாளா, கணக்குக் கேட்கும் நாளா என்பது தலைப்பு. "மற்ற நாடுகளைப் படை கொண்டு பிடித்தார்கள், இங்கே மண்ணின் மக்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், அதைக் கொண்டாடினால் என்ன?" என்று எதிரணித் தோழி கேட்டார். சரி, அந்த ஒப்பந்தத்தையே விரித்துப் பார்ப்போம்.

1840 பிப்ரவரி 4 இரவு. ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும் உட்கார்ந்து, ஆங்கில வாசகத்தை விடிவதற்குள் மாவோரி மொழியில் எழுதி முடித்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது இறையாண்மை. மாவோரியில் வந்தது 'காவனதங்கா'. நிர்வாகம் என்று சொல்லலாம். அடுத்த பிரிவோ, நிலமும் ஊரும் உடைமையும் தலைவர்களின் முழு அதிகாரத்தில் இருக்கும் என்கிறது. ஒப்பமிட்ட தலைவர்கள் 500க்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரிப் பிரதியில்தான். பிரிட்டன் நாட்டை ஆண்டதோ ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு.

6ஆம் தேதி ஹோனே ஹெகே என்ற மாவோரித் தலைவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட வருகிறார். அச்சுத் தொழில் செய்த வில்லியம் கொலென்சோ எழுந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர்களுக்குப் புரிந்ததா என்று ஹாப்சனிடம் கேட்டார். ஹாப்சன்தான் பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதி. புரியாவிட்டால் அது தம் தவறல்ல என்றார் ஹாப்சன். கையெழுத்து நடந்தது. ஆளுக்கு இரண்டு கம்பளியும் புகையிலையும் கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்தது என்ன? 1863இல் வைக்காட்டோ என்ற மாவோரிப் பகுதி மீது அரசின் படையெடுப்பு. அங்கே பறிபோன நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். 1877இல் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட், இந்த ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது என்றே தீர்ப்பில் எழுதினார்.

1974 முதல் தேசிய விடுமுறை, காயம் ஆறிவிட்டது என்கிறது எதிரணி. இல்லை ஐயா. விடுமுறை வந்த மறு வருஷமே, 79 வயது மாவோரித் தலைவி ஃவினா கூப்பர் தலைமையில் வடக்குக் கோடியிலிருந்து வெலிங்டன் வரை நடந்தார்கள். இனி ஓர் ஏக்கர் கூடப் போகக் கூடாது என்பதுதான் கோரிக்கை. ஒப்பந்தம் மீறப்பட்டது என்ற மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் அமைந்ததும் அதே 1975இல். 1995இல் வைக்காட்டோ மக்களிடம் மன்னிப்புக் கேட்ட சட்டத்தில் எலிசபெத் அரசியே நேரில் கையெழுத்திட்டார். கேட்டார்கள், அதனால்தான் கிடைத்தது.

இதே கொலென்சோ, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. அதில் தமிழ் எழுத்து. இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகையதீன் வக்குசு என்பவர் கப்பலுடைய மணி என்று இன்றும் நாம் வாசிக்கலாம். பானையாகப் புழங்கிய பிறகும் யாருடையது என்ற எழுத்து அழியவில்லை. நிலம் யாருடையது என்று மாவோரிப் பிரதியிலும் எழுதியிருக்கிறது, நடுவர் அவர்களே. ஒவ்வொரு பிப்ரவரியும் வைத்தாங்கிக்கு வரும் அமைச்சர்கள் முன்னால் மாவோரிகள் எழுந்து நின்று அதைத்தான் வாசித்துக் காட்டுகிறார்கள்.