பழைய ஸ்ப்ளெண்டரை கஃபே ரேசர் ஆக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பட்டறைக்கு வரும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அண்ணே, அப்பா ஓட்டின ஸ்ப்ளெண்டர் வீட்டுல சும்மா நிக்குது. அதை கஃபே ரேசரா மாத்த முடியுமா?" தாராளமாக மாற்றலாம். தாழ்ந்த ஹேண்டிலோடு, தேவையில்லாததைக் கழற்றிவிட்டு, குனிந்து ஓட்டும்படி மாற்றிய வண்டிதான் கஃபே ரேசர். ஆனால் கேட்டவுடனே சைலன்சருக்கும் பெட்ரோல் டேங்குக்கும் பேச்சு போய்விடுகிறது. நூறு சிசி வண்டியில் வேலை தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. எங்கே தொடங்க வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கஃபே ரேசர் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையோரம் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. லாரி ஓட்டுநர்களுக்காக 1938இல் திறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞர்கள் மோட்டார் சைக்கிளோடு அங்கே கூடினார்கள். மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதுதான் அவர்களுடைய ஆசை. பந்தய வண்டி வாங்கப் பணம் கிடையாது. அதனால் கையில் இருந்த வண்டியிலேயே ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், கால் வைக்கும் புட்ரெஸ்டைப் பின்னால் தள்ளினார்கள், தேவையில்லாததைக் கழற்றி எறிந்தார்கள். நார்ட்டன் என்ற வண்டியின் சேசிஸில் ட்ரையம்ஃப் என்ற வண்டியின் எஞ்சினைப் பொருத்தி 'ட்ரைட்டன்' என்று ஓட்டியவர்களும் உண்டு.

பெரிய வண்டிகளின் கதை அது. சின்ன வண்டிக்கும் இதில் பழைய உரிமை இருக்கிறது. 1961இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது என்றார்கள். அந்தப் பையன்களை மனதில் வைத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 1964இல் கான்டினென்டல் ஜிடி 250 வண்டியை இறக்கியது. தாழ்ந்த ஹேண்டில், நீண்ட சிவப்பு டேங்க், ஐந்து கியர். அந்த வருஷமே ஸ்காட்லாந்தின் வடகோடியிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி வரைக்கும் ஆள் மாற்றி ஆள் ஓட்டி, 24 மணி நேரத்துக்குள் அந்த வண்டியைக் கொண்டு சேர்த்தார்கள். அதே என்ஃபீல்டின் புல்லட் 1950களிலிருந்தே நம் சென்னையில் தயாராகிக்கொண்டிருந்தது. கான்டினென்டல் ஜிடி என்ற பெயர் 2013இல் மறுபடியும் வந்தபோது, அந்த வண்டி சென்னையில் செய்யப்பட்டதாக இருந்தது.

சரி, ஹேண்டிலை ஏன் தாழ்த்தினார்கள்? அழகுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். காற்றுக்காகத்தான் தாழ்த்தினார்கள். வண்டி வேகமெடுக்க எடுக்க, எஞ்சினின் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி 100ஐத் தொட வேண்டுமென்றால், காற்றுக்கு மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். ஸ்ப்ளெண்டரிடம் இருப்பதோ ஏழு, எட்டு குதிரைத்திறன். அதை இரட்டிப்பாக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

"போர் போட்டுப் பெரிய பிஸ்டன் வைக்கலாமே" என்பார்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவதைத்தான் போர் (bore) போடுவது என்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எஞ்சினின் பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், 49.5, மொத்தம் 97.2 சிசி. ஒரு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் 101 சிசி ஆகும். அவ்வளவுதான். தேய்ந்த எஞ்சினுக்குப் போர் போடுவது அவசியமான வேலை, போன கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) திரும்பக் கிடைக்கும். ஆனால் புது வேகம் கிடைக்காது. அதற்குப் பதிலாக ஓட்டுபவர் குனிந்து, முழங்கையை உள்ளே இழுத்து, காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைத்தால், எஞ்சினைத் தொடாமலேயே வண்டி இன்னும் கொஞ்சம் ஓடும். சின்ன வண்டியில் உட்காரும் நிலைதான் மலிவான குதிரைத்திறன். என்னைக் கேட்டால் மொத்த வேலையும் அதைச் சுற்றியே நடக்க வேண்டும்.

அதைச் செய்வதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஹேண்டிலை மட்டும் இறக்கிவிட்டு, புட்ரெஸ்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவார்கள். கை முன்னாலும் கீழேயும் போய்விட்டது, கால் இன்னும் முன்னாலேயே இருக்கிறது. உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டிலும் இடுப்பிலும் இறங்கும். அரை மணி நேரம் ஓட்டினால் முதுகு விண்ணென்று தெறிக்கும். கையும் காலும் சேர்ந்துதான் நகர வேண்டும். ஸ்ப்ளெண்டரில் முன் புட்ரெஸ்ட் எஞ்சினுக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டிய ஒரே கம்பி. அதைக் கழற்றிவிட்டு, பின் இருக்கைக்காரரின் புட்ரெஸ்ட் இருக்கும் பக்கமாகத் தகடு வைத்துப் புதியதை மாட்டலாம். ஆனால் ஒரேயடியாகப் பின்னால் போகாதீர்கள். நம் ஊரில் ஸ்பீட் பிரேக்கர், டிராஃபிக், சந்து எல்லாம் இருக்கிறது. ஒரு சாண் நகர்த்தினாலே போதும். கிக்கரை மிதிக்கும்போது அந்தத் தகட்டில் கால் இடிக்கும் என்பதால், புட்ரெஸ்ட் மடங்கும்படி இருக்க வேண்டும். கியருக்கும் பின் பிரேக்குக்கும் புதுக் கம்பி இணைப்பு தேவைப்படும். பிரேக்கை அழுத்தும் நிலையில், பின் சக்கர பிரேக் ட்ரம்மின் மேலுள்ள நெம்புகோலுக்கும் அதை இழுக்கும் கம்பிக்கும் நடுவே 90 டிகிரி இருக்கட்டும். அப்போதுதான் காலின் பலம் முழுசாகப் போய்ச் சேரும்.

ஹேண்டிலுக்கு வருவோம். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் (fork) குழாயைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்-ஆன் ஹேண்டில் வாங்குவதற்கு முன், வெர்னியர் அளவுகோல் வைத்துக் குழாயின் விட்டத்தை அளந்துவிடுங்கள். தளர்வாக இருப்பதற்குத் தகரத்தைச் சுருட்டி வைத்து இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது. மாட்டியபின் இடது, வலது என்று முழுசாகத் திருப்பிப் பாருங்கள். டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே கட்டை விரல் நசுங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது திருப்பினால் ஆக்சிலேட்டர் தானாக ஏறக் கூடாது. பழைய கேபிள்கள் இப்போது நீளம் அதிகம். மடக்கிக் கட்டாமல், சரியான நீளத்தில் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்னால் பாரம் கூடிவிட்டது என்பதால் முன்பக்கம் முழுவதும் நல்ல நிலையில் இருந்தாக வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி, போர்க்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, ஹேண்டில் நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கினாலோ, ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் போய்விட்டது என்று அர்த்தம். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். போர்க் ஆயில் மாற்றுங்கள். முன் ட்ரம் 130 மில்லிமீட்டர்தான். அது வட்டம் தப்பியிருந்தால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்து, நல்ல பிரேக் ஷூ போட்டு, உள்ளே ஷூவை விரிக்கும் கேமுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்தால், அந்தச் சின்ன ட்ரம்மே இந்த எடைக்கு நன்றாகப் பிடிக்கும். இவ்வளவும் முடிய ஒரு நல்ல சைலன்சர் விலைகூட ஆகாது.

அப்புறம் எடை. கேரியர், கிராஷ் கார்டு, கனமான நீள சீட். வண்டியும் ஆளும் சேர்ந்து 175 கிலோ என்று வைத்துக்கொண்டால், பத்து கிலோ குறைந்தாலே ஏறக்குறைய 6 சதவீதம். பிக்கப்பிலும் மேட்டில் ஏறும்போதும் தெரியும். தடித்த டயர் போடாதீர்கள். மெல்லிய ரிம்மில் அது பிதுங்கி உட்காரும், எடையும் கூடும், வளைவில் வண்டி சாயவும் மறுக்கும்.

தோற்றத்தில் ஒரே ஒரு விஷயம் பாருங்கள். டேங்கின் அடிவிளிம்பும் சீட்டின் அடிவிளிம்பும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். அது அமைந்துவிட்டால் மற்றது தானாக அமையும். ஸ்ப்ளெண்டரில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சின் படுத்த வாக்கில் இருப்பதால் பக்கத்து பேனலைக் கழற்றினால் நடுவே வெறிச்சென்று தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு, கூம்பு ஃபில்டர் மாட்டினால் இன்னும் வெறுமை. அதோடு காற்று கூடி, பெட்ரோல் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறும், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டிவரும். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நல்ல டிங்கரிங் கைக்காரரிடம் கொடுத்து, அலுமினியத் தகட்டில் அளவாக இரண்டு பக்கத்து மூடி அடித்து வாங்குங்கள். நம் ஊரில் அந்தக் கை இன்னும் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு வேலை கொடுப்பதே எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த விஷயம்.

சேசிஸை மட்டும் வெட்டாதீர்கள். பின்பக்கக் கம்பியை அறுத்து வளைத்து வெல்டிங் வைப்பதுதான் பலரும் செய்வது. இருக்கும் ஓட்டையில், இருக்கும் போல்ட்டில் சீட்டைப் பொருத்தலாம். கழற்றிய ஒவ்வொன்றையும் சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். இதைச் சொல்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் எந்த மாற்றம் என்றாலும், செய்வதற்கு முன்பே அங்கே போய்க் கேட்டுவிடுங்கள். கலர் மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் இருக்கட்டும். சாரி கார்டையும் பின் கைப்பிடியையும் விதி கேட்கிறது, பின்னால் உட்காரும் அம்மாவின் சேலையும் கேட்கிறது.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரிஜினல் பாகங்களோடு நல்ல நிலையில் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். 1996இல் நின்றுபோன வண்டி அது. ஒன்றை அறுத்தால் ஒன்று குறைந்தது, குறைந்ததுதான். ஸ்ப்ளெண்டரோ லட்சக்கணக்கில் ஓடுகிறது. மூடியும் டேங்கும் போனது, விழுந்து எழுந்தது என்று ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

எல்லாம் மாட்டியதும் உடனே பெயிண்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தகரத்தோடும் துருவோடும் முதலில் ஓட்டிப் பாருங்கள். விடிகாலையில் ஆளில்லாத சாலையில், குறைந்த வேகத்தில், இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஹேண்டில் கிளாம்ப், புட்ரெஸ்ட் தகடு, சக்கர ஆக்சில் நட்டு எல்லாவற்றையும் மறுபடியும் ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளிர் பழுப்பு என்றால் சரி. இடுப்பு வலிக்கிறதா, முழங்கால் டேங்கில் இடிக்கிறதா என்றும் பார்த்து, புட்ரெஸ்ட் தகட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டுமானால் இப்போதே போட்டுவிடுங்கள். ஓட்டை போடும் வேலையும் வெல்டிங் வேலையும் இனி இல்லை என்று உறுதியான பிறகு, வண்டியைப் பிரித்துப் பெயிண்டுக்குக் கொடுக்கலாம்.

வணக்கம்.