மேப்ல பக்கத்துல இருக்கே, கார்ல போக முடியாதா? வுட் பஃபலோ தேசியப் பூங்கா பத்தி ஒரு நேயர் கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. அதனால இன்னைக்கு அதை மட்டும் எடுத்துக்குவோம், மத்ததெல்லாம் அடுத்த வாரம்.

ஒரு நேயர் எழுதியிருக்கார்: "வடக்குக் கனடா பேச்சுல வுட் பஃபலோ பூங்கா சுவிட்சர்லாந்தை விடப் பெருசுன்னு சொன்னீங்க. நாங்க ஆல்பெர்ட்டாவுல ஃபோர்ட் மெக்மரில இருக்கோம். மேப்ல பார்த்தா எங்களுக்கு நேர் மேல இருக்கு. ஜூன்ல மூணு நாள் லீவு கிடைக்குது. கார்ல போய் பைசன் காட்டெருமை பார்த்துட்டுத் திரும்பிடலாமா?"

முடியாதுங்க. ஆனா ஏன் முடியாதுங்கறது நல்ல விஷயம். அதைச் சொல்றேன்.

முதல்ல பேர்க் குழப்பம். ஃபோர்ட் மெக்மரி இருக்கிற நகராட்சி வட்டாரத்துக்கே வுட் பஃபலோன்னுதான் பேர். அதனால தேடினா நகராட்சி ஆபீஸ், நூலகம், தண்ணி வரி எல்லாம் வந்து நிக்கும். பூங்கா அது இல்ல. ரெண்டாவது, ஃபோர்ட் மெக்மரியில இருந்து வடக்கே போற 63-ம் நெடுஞ்சாலை எண்ணெய் மணல் சுரங்கங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துல முடிஞ்சிடுது. அதுக்கு மேல கோடையில சாலையே கிடையாது. சதுப்பும் ஆறும்தான். பூங்காவோட தலைமையகம் இருக்கிற ஃபோர்ட் ஸ்மித் ஊருக்கு நேர்கோட்டுல அளந்தா 370 கிலோமீட்டர்கிட்ட வரும். சாலையில போகணும்னா தெற்கே இறங்கி, மேற்கே சுத்தி, மறுபடி வடக்கே ஏறணும். 1,400 கிலோமீட்டருக்கும் மேல போகும். மூணு நாள் லீவுல போறதுக்கும் வர்றதுக்கும்தான் நேரம் இருக்கும்.

இதையே ஜனவரில கேட்டிருந்தா வேற பதில் சொல்லியிருப்பேன். குளிர்ல ஆறும் சதுப்பும் உறைஞ்ச பிறகு பனிச்சாலை போடுவாங்க. ஃபோர்ட் மெக்மரியில இருந்து ஃபோர்ட் சிப்பவையனுக்கு ஒண்ணு, அங்கிருந்து பூங்காவுக்குள்ள புகுந்து ஃபோர்ட் ஸ்மித்துக்கு இன்னொண்ணு. ஏறக்குறைய டிசம்பர் நடுவுல இருந்து மார்ச் நடு வரைக்கும்தான், அதுவும் அந்த வருஷக் குளிரைப் பொறுத்தது. வழியில பெட்ரோல் இல்ல, போன் சிக்னல் இல்ல, மைனஸ் 40 வரைக்கும் போகும். மண்வாரி, இழுவைக் கயிறு, ஆளுக்கொரு கனமான ஸ்லீப்பிங் பேக் இல்லாம அந்தச் சாலையில கால் வைக்கக் கூடாது.

சரி, இப்ப நான் எப்பவும் சொல்றது. பழைய நேயர்களுக்குத் தெரியும், சிரிப்பீங்க. பூங்காவைத் தேடாதீங்க, ஊரைத் தேடுங்க. கிட்டத்தட்ட 45,000 சதுர கிலோமீட்டர் இருக்கிற இடத்தோட பேரை போன்ல அடிச்சா, எல்லைக்கு நட்ட நடுவுல எங்கயாவது ஒரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியில வாசலும் இருக்காது, டிக்கெட் கவுண்டரும் இருக்காது. காடும் சேறும் இருக்கும். அது ஒரு முகவரின்னு நம்பிக் கிளம்பினா அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

இதுக்கு அந்தப் பூங்காவே சாட்சி. வூப்பிங் கொக்குன்னு ஒரு பறவை. 1940-கள்ல உலகத்துலயே இருபது சொச்சம்தான் மிச்சம். கோடையில எங்க போய்க் கூடு கட்டுதுன்னு வருஷக்கணக்கா தேடினாங்க. 1954-ல காட்டுத்தீ பார்க்கப் போன ஹெலிகாப்டர்ல இருந்தவங்க கண்ணுல தற்செயலாப் பட்டுச்சு. எங்கன்னா, 1922-லயே தேசியப் பூங்கான்னு அறிவிச்ச இதே காட்டுக்குள்ள! இன்னொண்ணு, பீவர்னு மரத்தைக் கடிச்சு அணை கட்டற பிராணி. அது கட்டினதுலயே உலகத்துல நீளமான அணை, முக்கால் கிலோமீட்டருக்கும் மேல. அதைச் செயற்கைக்கோள் படத்துல கண்டுபிடிச்சது 2007-ல. ஒரு மனுஷன் நடந்தே அங்க போய்ச் சேர்ந்தது 2014-ல. படத்துல பார்க்கறதுக்கும் போய் நிக்கறதுக்கும் நடுவுல ஏழு வருஷம்.

அதனால ஊர். ரெண்டே ஊர் கணக்கு. கிழக்கு ஓரத்துல ஃபோர்ட் சிப்பவையன். 1788-ல தோல் வியாபாரத்துக்காக உண்டான ஊர், அதபாஸ்கா ஏரிக்கரை. பீஸ்-அதபாஸ்கா டெல்டாவைப் பார்க்கணும்னா இதுதான் வாசல். ஆனா கோடையில விமானம் இல்லேன்னா படகு. கார்ல போறவங்களுக்கு ஃபோர்ட் ஸ்மித் ஒண்ணுதான். பூங்காவோட பெரும்பகுதி ஆல்பெர்ட்டாவுல இருந்தாலும் ஃபோர்ட் ஸ்மித் எல்லைக்கோட்டை ஒட்டி அந்தப் பக்கம், வடமேற்குப் பிரதேசத்துல இருக்கு. அங்க ஏன் ஊர் வந்துச்சு? ஸ்லேவ் ஆத்துல வரிசையா பெரிய பாய்ச்சல்கள். படகை இறக்கிச் சுமந்து போக வேண்டிய இடம். சுமை இறக்கின இடத்துல ஊர் உக்காந்துடுச்சு.

ஆல்பெர்ட்டா தலைநகர் எட்மன்டன்ல இருந்து வழி இப்படி. பீஸ் ரிவர், அப்புறம் 35-ம் நெடுஞ்சாலை பிடிச்சு ஹை லெவல், 60-வது அட்சரேகையில பிரதேச எல்லை, என்டர்பிரைஸ், அங்கிருந்து ஹே ரிவர் பக்கம். ஹே ரிவருக்குக் கொஞ்சம் முன்னாடியே 5-ம் நெடுஞ்சாலை கிழக்கே பிரியும், அதுதான் ஃபோர்ட் ஸ்மித் போகுது. மொத்தம் 1,300 கிலோமீட்டர் சுமாரா. ஒரே மூச்சுல ஓட்டாதீங்க, ஹை லெவல்ல ராத்தங்கல் போடுங்க. சில மேப்புகள் ஹை லெவல்ல இருந்து 58-ம் நெடுஞ்சாலையில கிழக்கே திருப்பி விடப் பார்க்கும். அது பூங்காவோட மேற்குப் பக்கத்தோட நின்னுடும், குறுக்கே ஃபோர்ட் ஸ்மித்துக்கு வழி கிடையாது.

பிரியற இடத்துல நேராத் திரும்பிடாதீங்க. ஹே ரிவர் ஊருக்குள்ள போய் டேங்கை ரொப்புங்க. அங்கிருந்து ஃபோர்ட் ஸ்மித் வரைக்கும் 270 கிலோமீட்டருக்கு ஒரு பங்க் கிடையாது. அரை டேங்க் போதும்னு கணக்குப் போடறவங்க எதிர்காத்தையும், பக்கத்துச் சாலைகள்ல திரும்பிப் பார்க்கிற தூரத்தையும் விட்டுடறாங்க. ஸ்டெப்னி முழு அளவு டயரா இருக்கணும், காத்து இருக்கான்னு கிளம்பறப்பவே பாருங்க. ஊரைத் தாண்டினா செல்போன் செத்துடும். செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்பற கருவி ஒண்ணு வாடகைக்காவது எடுத்துக்குங்க.

பைசன் பார்க்கணும்னு கேட்டீங்கல்ல? இந்த 5-ம் நெடுஞ்சாலையே பூங்காவோட வடபகுதிக்குள்ளதான் போகுது. சாலை ஓரத்துலயே மேயும். அதுதான் ஆபத்தும். கருப்பு உடம்பு, இருட்டுல ஹெட்லைட் வெளிச்சத்துல தனியாத் தெரியாது. பொழுது சாய்ஞ்ச பிறகு அந்தச் சாலையில ஓட்டாதீங்க. கண்ணுல பட்டா வண்டியை நிறுத்தி உள்ளயே உக்காந்து பாருங்க.

விமானம்னா எட்மன்டன்ல இருந்து ஃபோர்ட் ஸ்மித்துக்குச் சின்ன விமானம் உண்டு. ஆனா கரடியை விரட்டற ஸ்ப்ரேயும் அடுப்பு கேஸ் டப்பாவும் விமானத்துல ஏத்த விடமாட்டாங்க, பெட்டியில போட்டாலும் சரி. ஊர்ல போய் வாங்கணும். வாடகைக் காரை டிக்கெட்டுக்கு முன்னாடி உறுதி பண்ணுங்க. கார் இல்லாம அங்க இறங்கி ஒரு பிரயோஜனமும் இல்ல.

இப்ப அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்னன்னா, எப்படிப் போறதுங்கறது இல்ல, எந்த மாசம் போறதுங்கறது. ஜூன் வேண்டாம். கொசு, கருப்பு ஈ, அப்புறம் கடிச்சா தோலைப் பிய்ச்சுக்கிட்டுப் போற குதிரை ஈ. ராத்திரி இருட்டவே இருட்டாது, அதனால துருவ ஒளியும் கிடையாது. இந்தப் பூங்காவை 2013-ல இருண்ட வான் காப்பகமா அறிவிச்சிருக்காங்க. அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காம வர்றதா? ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம். பூச்சி குறையும், ராத்திரி வரும், சாலையும் பெரும்பாலும் காஞ்சிருக்கும்.

காஞ்ச சாலைன்னு ஏன் சொல்றேன்னா, கார்ல போகக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். உப்புச் சமவெளி பார்க்கிற மேடு, 5-ம் நெடுஞ்சாலையில இருந்து பிரியற மண் சாலை. ஃபோர்ட் ஸ்மித்துக்குத் தெற்கே 60 கிலோமீட்டர்ல பைன் ஏரி, சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான ஏரி, கூடாரம் போட இடம் உண்டு. மழை பேஞ்சா இந்தச் சாலைகள் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அன்னைக்கு ஊர்லயே இருந்து ஆத்துப் பாய்ச்சலையும் பெலிக்கனையும் பாருங்க. கொக்குக் கூடு கட்டற பகுதிக்குள்ள பொதுமக்கள் போக முடியாது, அதைக் கேட்டு அலையாதீங்க. காட்டுக்குள்ள தங்கறதா இருந்தா ஃபோர்ட் ஸ்மித் பார்வையாளர் மையத்துல அனுமதிச் சீட்டு வாங்கணும்.

ஆகஸ்ட்டுக்கும் ஒரு குறை உண்டு. தீ. 2023 ஆகஸ்ட்ல ஃபோர்ட் ஸ்மித், ஹே ரிவர், என்டர்பிரைஸ் மூணு ஊரையும் காலி பண்ணினாங்க, என்டர்பிரைஸ் பெரும்பாலும் எரிஞ்சே போச்சு. உள்ளே போக ஒரே சாலை, வெளியே வரவும் அதே சாலை. அதனால ரத்து பண்ணினா பணம் திரும்ப வர்ற மாதிரி அறை போடுங்க. கிளம்பறதுக்கு முந்தின நாளும், ஹை லெவல்ல தங்கின காலையிலயும் பிரதேச அரசோட சாலை நிலவரத்தையும் தீ நிலவரத்தையும் பாருங்க. அங்கேயே புகை கண்ணை எரிச்சா பேசாம தெற்கே திரும்பிடுங்க. போக வர நாலு நாள், பார்க்க மூணு நாள், ஆக ஒரு வாரம் லீவு கேளுங்க.