ஜாசிம் ஏன் நல்லவனாகவே இருக்க வேண்டும்?

வணக்கம் மக்களே. அரபு-அமெரிக்க எழுத்தாளர் லைலா ஹலபி எழுதிய 'ஒன்ஸ் இன் எ ப்ராமிஸ்டு லேண்ட்' நாவலைப் பற்றி இன்றைக்குப் பேசியே ஆக வேண்டும். 2007-இல் வந்தது. அரிசோனாவின் டூசான் நகரத்தில் வசதியாக வாழும் ஜாசிம், சல்வா என்ற ஜோர்தானியத் தம்பதியின் கதை. காலம், அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிந்தைய மாதங்கள்.

ஜாசிம் நீரியல் நிபுணர். வறண்ட நாட்டில் பிறந்தவனுக்குத் தண்ணீர்தான் படிப்பு, பிழைப்பு, கனவு எல்லாம், விடிவதற்கு முன்பே எழுந்து நீச்சலுக்கு ஓடுகிறவன் வேறு. அந்தத் தண்ணீரே அவனுக்கு வினையாகிறது. ஊர்க் குடிநீர் விவரமெல்லாம் ஒரு அரபியின் கையிலா என்று சந்தேகம் கிளம்பி, எஃப்பிஐ வந்து, கடைசியில் வேலையும் போய்விடுகிறது. அவன் மாறவில்லை, பார்க்கிற கண்தான் மாறியது. மாலில் ஒரு மோட்டார் சைக்கிளை நின்று பார்த்ததற்கே பாதுகாவலர் வந்துவிடுகிற காட்சியைப் படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் 1978-இல் 'ஓரியன்டலிசம்' நூலில் சொன்னது இதைத்தான்: மேற்கு தானே ஒரு கிழக்கை உருவாக்கி வைத்துக்கொண்டு, எதிரில் நிற்கிற ஆளை அதை வைத்தே அளக்கிறது. இதில் ஒரு விசித்திரம், 1915-இலேயே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சிரியர்களைக் குடியுரிமைக்காக வெள்ளையர் என்று தீர்ப்பளித்துவிட்டது, 2020 வரைக்குமான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் அரபிகள் 'வெள்ளையர்' என்கிற பிரிவில்தான் இருந்தார்கள். காகிதத்தில் வெள்ளையர், கடைக்குள் நுழைந்தால் சந்தேக ஆசாமி!

சரி, எனக்கு இந்த நாவல் ஏன் இவ்வளவு முக்கியம்? ஹலபி ஜாசிமை அப்பாவியாக வைத்து நம் இரக்கத்தைக் கேட்கவில்லை. அவன் கார் மோதி, சறுக்குப்பலகையில் வந்த ஒரு பையன் செத்துப்போகிறான், அதை அவன் மனைவியிடம் மறைக்கிறான். அந்தப் பலகையில் பயங்கரவாதிகளை வேட்டையாட உரிமம் என்கிற மாதிரி ஒரு ஸ்டிக்கர். சல்வா தன் பங்குக்குக் கருச்சிதைவை மறைக்கிறாள், வேறொருவனோடு உறவும் வருகிறது. அரபிகள் மீது விழும் பழிக்குப் பதில் சொல்ல ஒரு 'நல்ல அரபி'யைக் காட்டுவது சுலபம், ஆனால் அப்போதும் மதிப்பெண் போடுகிறவர் அதே வெள்ளை வாசகர்தானே? ஒரு வெள்ளைக்காரக் கதாபாத்திரம் மனைவியிடம் பொய் சொன்னால் அது அவன் பொய், அவன் இனத்தின் பொய் இல்லை. அந்த உரிமையைத்தான் ஹலபி இவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்.

அப்புறம், படித்தவர்கள் சல்வாவின் முடிவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள், எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அடுத்த வீடியோவில் டயானா அபு ஜாபரின் 'க்ரசென்ட்' நாவல்.