நிற்கிற யானை

நேயர்களுக்கு வணக்கம்.

அனிமேஷன் என்றதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் நினைவுக்கு வரும். ஏதாவது ஒன்று ஓடும், குதிக்கும், விழும், எழுந்து மறுபடி ஓடும். ஒரு நொடி சும்மா இருக்காது. அதைப் பார்த்தே வளர்ந்ததால், படம் பண்ணக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிற மாணவர்களும் எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மரம் ஆடும், மேகம் ஆடும், பேசுகிறவன் தலையும் ஆடும், கேட்கிறவன் தலையும் ஆடும். நான் அவர்களிடம் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: கொஞ்சம் நிறுத்து. இன்றைக்கு உங்களிடமும் அதைத்தான் பேச வந்திருக்கிறேன். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து சேருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. காகிதம் பேனா வேண்டாம், வாய்க்கணக்குதான். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிச் சட்டம், ஓடுகிறது. கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் விநாடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு மற்ற பாடங்களும் இருக்கின்றன. நாளைக்கு 20 படம் ஒழுங்காக வரைந்தாலே பெரிய விஷயம். அப்போதும் ஒரு நிமிடப் படத்துக்கு 36 நாள் ஆகிறது. வருகிறவர்களோ பத்து நிமிடக் கதையோடு வருகிறார்கள். அதில் அரசன் இருப்பான், போர் இருக்கும், போரில் ஆயிரம் குதிரை இருக்கும். யார் தம்பி வரைவது?

அதனால் கதையை முதலில் துண்டுக் காகிதங்களில் கோட்டுப் படமாகப் போட்டுச் சுவரில் ஒட்டச் சொல்வேன். ஒவ்வொரு காகிதத்துக்கும் எத்தனை விநாடி என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாயாலேயே சத்தம் போட்டு நடித்துப் பார்க்க வேண்டும். வெட்கப்படக் கூடாது. அப்புறம் அந்தக் கோட்டுப் படங்களையே அதே நேரக் கணக்கில் கைபேசியில் ஓடவிட்டால், அதற்கு அனிமேட்டிக் என்று பெயர். அதில் அலுப்புத் தட்டினால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் படத்தில் அலுப்புத்தான்.

சாஃப்ட்வேர் என்ன விலை என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். கிரிட்டா, பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் பிளெண்டரில் செய்ததுதான். அதில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு தொல்லை உண்டு. தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்தால் நடுவில் உள்ளதை அதுவே நிரப்பிவிடும். சொல்லிக்கொடுக்காவிட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும், எதற்கும் எடை இருக்காது. பிள்ளைகளுக்கு அது சுலபமாக இருக்கிறது, எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சரி, யானைக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் சொல்லவில்லை, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் சண்டைக்கு வருவாள். கேழ்வரகு முற்றுகிற காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு யானை வருவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்னர்கட்டா காட்டிலிருந்து கூட்டமாக ஜவளகிரி வழியாக இறங்கும். இவள் அப்பா இரவில் பரண் மேல் காவல் இருப்பவர். யானை வயலில் இறங்குகிறது, அப்பா தகரத்தைத் தட்டி விரட்டுகிறார். இவ்வளவுதான் கதை, ஒன்றரை நிமிடம். எனக்குப் பிடித்திருந்தது. எதில் செய்யப்போகிறாய், காகிதமா களிமண்ணா என்று கேட்டேன். "கேழ்வரகிலேயே பண்றேன் சார்" என்றாள்.

கண்ணாடி மேல் மணலைப் பரப்பி, கீழிருந்து விளக்குப் போட்டு, விரலால் தள்ளித் தள்ளிப் படம் பண்ணுவது தெரிந்த முறைதான். கரோலைன் லீஃப் என்ற அமெரிக்கப் பெண் 1960-களின் கடைசியில் ஹார்வர்டில் மாணவியாக இருந்தபோது எடுத்த முதல் படமே மணலில் எடுத்ததுதான். மணலுக்குப் பதில் கேழ்வரகு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் நினைத்தேன்.

கோடை விடுமுறையில் அவள் வீட்டிலேயே வேலை தொடங்கியது. செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு ஜன்னல் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் பட்டர் பேப்பர், அதற்கும் அடியில் ஒரு எல்.இ.டி. பல்பு. மேலே கைபேசியைக் குப்புறக் கட்டியாயிற்று. கேழ்வரகு தடிப்பாகக் கிடக்கிற இடம் கருப்பாகத் தெரியும், விலக்கின இடம் வெளிச்சம். மெல்லிய கோடு வேண்டுமென்றால் மாவு. களி கிண்டுவதற்கு அம்மா அரைத்து வைத்திருந்த மாவு, அதில் வேறு வீட்டில் தகராறு. மாவு பறக்கும் என்பதால் மின்விசிறி போட முடியாது, சித்திரை மாத வெயில். கைபேசியைத் தொட்டால் ஆடிவிடும் என்று இயர்போன் ஒயரில் இருக்கிற பட்டனை அமுக்கிப் படம் எடுத்தாள். வீட்டில் முயன்று பார்க்க நினைக்கிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளிச்சத்தையும் ஃபோகஸையும் கைபேசியில் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும், ஓட்டிப் பார்த்தால் திரை கண்ணைச் சிமிட்டும்.

யானை நடை வருவதற்கே வெகுநாள் ஆயிற்று. யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பாது. பின்னங்கால், முன்னங்கால் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து விழும். மேலே விவரித்தால் உங்களுக்குக் குழப்பம்தான், வரைந்து காட்ட வேண்டிய சங்கதி, விடுங்கள். முக்கியம் என்னவென்றால், இந்த முறையில் திரும்பிப் போக வழியில்லை. அடுத்த படம் வேண்டுமென்றால் இருக்கிற படத்தைக் கலைக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் சாப்பிட எழுந்து போயிருக்கிறாள். கதவைச் சாத்தவில்லை. வந்து பார்த்தால் கண்ணாடி மேல் கோழி நிற்கிறது. யானைக்கு முன்னங்கால் இரண்டையும் காணோம், தும்பிக்கையில் பாதி போயிற்று, மிச்சத்தைக் கோழி காலால் சீய்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் போன் போட்டு, "சார், யானையைக் கோழி தின்னுடுச்சு" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே யானையை அதே இடத்தில் மறுபடி உண்டாக்கினாலும் ஓடும்போது ஒரு குலுக்கல் தெரியும். கடைசியாக என்ன எடுத்தாய் என்று கேட்டேன். வயல் ஓரத்தில் காலை ஊன்றிவிட்டது, அப்புறம் காது அசைவதற்கு மூன்று படம் எடுத்தேன் என்றாள். அந்த மூன்றையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் போடு, ஒன்றரை விநாடி, 18 படம், அதற்கப்புறம் பரண் மேல் இருக்கிற அப்பாவுக்குக் கட் பண்ணிவிடு என்றேன்.

ஒரே படத்தை 18 தடவை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒவ்வொரு முறை விரல் படும்போதும் மணிகள் கொஞ்சம் இடம் மாறுவதால், இந்த மாதிரிப் படத்தில் உருவம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று அந்த நடுக்கம் நின்றால், பார்க்கிறவர் யானை நின்றதாக நினைக்க மாட்டார், படம் ஓடாமல் மாட்டிக்கொண்டது என்று நினைப்பார். நிற்கிற யானைக்கும் இரண்டு மூன்று படம் வேண்டும்.

படம் முடிந்ததும் அவள் அப்பாவுக்கே போட்டுக் காட்டினோம். மனிதர் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த இடம் வந்ததும், காது மட்டும் அசைய யானை நிற்கிறது பாருங்கள், அங்கே உடம்பை நிமிர்த்தினார். "நடக்கிற யானைக்கு நாங்க பயப்படறதில்லை சார். எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியும். இப்படி நிக்குது பாருங்க, அதுக்குத்தான் பயம். நின்னு ஏதோ முடிவு பண்ணுது" என்றார். யானை நடைக்காக நாங்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை!

இப்போது நான் மூன்று விநாடி பேசாமல் இருக்கப்போகிறேன்.

(மூன்று விநாடி இடைவெளி)

சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன். அப்படியும் சிலர் ரேடியோப் பெட்டிக்குக் கையை நீட்டியிருப்பீர்கள். மூன்று விநாடி என்றால் 36 படம். அத்தனையும் புதிதாக வரைய வேண்டியதில்லை, கண் இமைக்கவோ காது அசையவோ இரண்டு மூன்று போதும். கூலி குறைவு, பலன் கூடுதல். இதைத்தான் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆட்டாவிட்டால் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். சில ஆசிரியர்களும் அப்படித்தான் மார்க் போடுகிறார்கள், அது வேறு கதை.

நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவார். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், திரை சீக்கிரம் விலகாது. வெளியே வந்து கிறுகிறுவென்று சுற்றிவிட்டுச் சட்டென்று நிற்பார், மேளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். தூங்குகிற குழந்தைகூட அப்போது விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று, தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்திலாவது ஒரு தடவை போய்ப் பாருங்கள். கையில் ஆயுதத்தோடு, கால் அகட்டி, அடுத்த அடிக்குத் தயாராக வீரன் நிற்பான். செதுக்கியவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். அந்த ஒன்றிலேயே என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது என்று தெரிகிறது. எங்கள் தொழிலில் அதைத்தான் கீ போஸ் என்கிறோம். மாணவர்களை நோட்டுப் புத்தகத்தோடு அங்கே கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லைப் பார்த்து, அதற்கு முந்தின படம் ஒன்றும் பிந்தின படம் ஒன்றும் வரையச் சொல்வேன். முந்தினதை எல்லோரும் வரைந்துவிடுவார்கள். பிந்தினதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பையன் வீரனை உட்கார வைத்திருந்தான். ஏனென்று கேட்டேன், களைப்பு சார் என்றான். அந்தப் பையனைப் பற்றி நான் இன்னும்... சரி, ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் காட்டுகிறார்கள்.

ஒலியைப் பற்றித்தான் நிறையக் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு முன்பே ஒலியை யோசியுங்கள். கைபேசியோடு தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்தால் தெருச் சத்தம் குறையும். சினிமாப் பாட்டை எடுத்துப் பின்னணியில் போடாதீர்கள், விழாவுக்கு அனுப்பும்போது உரிமைக் கடிதம் கேட்பார்கள். பெயர் போடுவதைப் பத்து விநாடிக்குள் முடியுங்கள். ஒன்றரை நிமிடப் படத்துக்கு அரை நிமிடம் நன்றி எதற்கு? அந்தக் கேழ்வரகுப் படத்தில் கதிர் ஒடிகிற சத்தம் அசலாகவே கேழ்வரகுத் தாளை ஒடித்து எடுத்தது. தகரம் அவள் அப்பா தட்டுகிற அதே தகரம். யானையின் மூச்சு மட்டும் அவள் தாத்தாவின் குறட்டை. தாத்தாவுக்கு இன்னும் தெரியாது.

நன்றி, வணக்கம்.