டீதாட்சரில் பாரம் ஏற்றி இழுக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து. வாசிக்கிறேன்: "அண்ணன், கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியின் புல்தரையை நான்தான் பார்க்கிறேன். முக்கால் ஏக்கர் வரும், அறுகம்புல். புல் வெட்டுகிற சின்ன ட்ரக்டருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற, கம்பிப் பல்லால் புல்லடியில் சேர்கிற பழுப்பு நாரை, அதுதான் செத்தையை, வாரி எடுக்கிற டீதாட்சர் ஒன்றை முதலாளி எடுத்துத் தந்தார். போன மாதம், ஆடிக் கடைசியில், அதன் தட்டில் இரண்டு சீமெந்துக் கல் ஏற்றி இழுத்தேன். செத்தையோடு பச்சைப் புல்லும் வேரோடு வந்துவிட்டது. இப்போது இடையிடையே மொட்டை. கருவி பிழையா, நான் பிழையா?"

கருவியில் பிழையில்லை தம்பி. நீங்களும் பாதிதான் பிழை, மிச்சத்தைக் கச்சான் காற்றின் மேல் போடலாம்.

முதலில் அந்தக் கல். டீதாட்சரின் மேலே தட்டு இருப்பதால் அதில் எதையாவது ஏற்றியே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல் செத்தைக்குள் இறங்காமல் மேலால் வழுக்கிக்கொண்டு போனால்தான் பாரம் தேவை. அம்பாறைப் பக்கத்து இறுகிய மண்ணில் அப்படி நடக்கலாம். கல்லடியோ, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல். அங்கே வெறும் கருவியே போதிய அளவு இறங்கும். கல்லையும் ஏற்றினால் அது கலப்பையாகிவிடும். பல்லின் நுனி மண்ணைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும், தலை சீவுகிற மாதிரி. பத்தடி இழுத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். வாரி வந்தது பழுப்பு நாராக இருந்தால் சரி. வெள்ளை வேரும் மணலும் வந்தால் லீவரைக் கொஞ்சம் தூக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: வாருவதற்கு அங்கே செத்தை இருந்ததா? ஒரு கத்தியால் கேக் வெட்டுவதுபோல மூன்று அங்குல ஆழத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுங்கள். பச்சை இலைக்கும் மண்ணுக்கும் நடுவில் பழுப்பாகப் பஞ்சு மாதிரி ஒரு படை தெரியும். அது அரை அங்குலத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். வெயிலில் மண் காயாமல் காப்பதே அதுதான். அதைவிடத் தடித்தால்தான் தொல்லை. ஊற்றுகிற தண்ணீரை அந்தப் படையே குடித்துவிடும், வேரும் மண்ணுக்குள் போகாமல் அதற்குள்ளேயே ஓடும். பிறகு நாலு நாள் காற்றடித்தால் புல் கருகும்.

வெட்டின புல்லைத் தரையிலேயே விடுவதால்தான் செத்தை வருகிறது என்பார்கள். அப்படியில்லை, வெட்டின இலையில் பெரும்பகுதி தண்ணீர், சீக்கிரம் மக்கிவிடும். மக்க மறுப்பது கொடியும் தண்டும் வேரும்தான். யூரியாவை அள்ளிப் போட்டு, தினமும் மேலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வளர்க்கிற புல்லில்தான் அது ஏறும். விடுதிக்காரர் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள், பச்சை உடனே தெரிய வேண்டுமே!

காலத்துக்கு வருவோம். வாரினால் புல்லுக்குக் காயம், ஆற அது வளர்கிற நேரமாக இருக்க வேண்டும். ஆடியில் கச்சான் அடிக்கிறது, மண்ணில் ஈரமில்லை, காயம் எப்படி ஆறும்? நமக்குத் தோதான நேரம் மாரி ஓய்ந்த பிறகு மாசி, பங்குனி. மண்ணில் ஈரம் இருக்கும், வெயிலும் வந்துவிடும். சேறாக இருக்கும்போது மட்டும் இறக்க வேண்டாம்.

மாசியில் செய்யும்போது முதலில் புல்லை வழக்கத்தில் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்ளர் தலை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பாசிக்குடாவில் ஒரு வளவில் நான் இரண்டை உடைத்திருக்கிறேன். ட்ரக்டர் நடை வேகத்தில் போனால் போதும். திருப்பத்தில் பல்லைத் தூக்கிவிட்டுத் திரும்புங்கள், பின்னால் எடுக்கும்போதும் அப்படித்தான். இறக்கியபடி திருப்பினால் கம்பி முறுகும், அந்த இடத்துப் புல்லும் போகும். ஒருமுறை நீளவாட்டில், தேவையென்றால் மட்டும் இன்னொருமுறை குறுக்காக. வந்த குப்பையை விறாண்டியால் கூட்டித் தென்னை அடியில் போடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. அகல இலைப் புல் வைத்திருப்பவர்கள் இந்தத் தம்பியைப் பார்த்து இறங்க வேண்டாம். அறுகு மண்ணுக்கு அடியிலும் கொடி ஓட்டுகிற புல், மேலே சீவினாலும் அடியிலிருந்து வரும். மேலால் மட்டும் கொடி ஓடுகிற புல்லில் பல் மாட்டினால் பாயைச் சுருட்டுகிற மாதிரி முழுசாகக் கழன்று வரும். கோரைக்கும் இது மருந்தில்லை, கிழங்கு அடியிலேயே கிடக்கும்.

இப்போதைய மொட்டைக்கு யூரியா போடாதீர்கள். மக்கின பசளையை மணலோடு கலந்து கால் அங்குலத்துக்குத் தூவி, ஓரத்திலிருந்து அறுகங்கொடி பிடுங்கி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். கொடி பிடிக்கும்வரை அந்த இடம் காயாமல் பாருங்கள். மற்ற இடங்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, விடியற்காலையில், ஆழமாகத் தண்ணீர். ஐப்பசி மழை இறங்கினால் மிச்சத்தை அறுகே பார்த்துக்கொள்ளும். அதுவரை டீதாட்சர் கொட்டிலுக்குள் கிடக்கட்டும், கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.